மேட்டுத்தெரு அத்தை மெட்டு: பாட்டு நோட்டுகளை வாசிப்பது பற்றி

1

மொரப்பூரில் எங்கள் பெரியம்மா வைத்திருந்த நோட்டு ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. முன்பாதியில் புள்ளிக் கோலங்கள். நடுவே சில பக்கங்களில் பால் கணக்கு. பின்பாதி முழுக்கப் பாட்டு: கும்மி, நலுங்கு, தாலாட்டு, நடவுப் பாட்டு. பெரியம்மாவுக்கு சுரம் தெரியாது, ராகப் பெயரும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அதன் மெட்டு எது என்று குறித்து வைத்திருக்கிறார். ‘மேட்டுத்தெரு அத்தை மெட்டு’ என்று ஒன்றுக்கு. ‘கம்பைநல்லூர் சித்தி பாடினது’ என்று இன்னொன்றுக்கு. ‘நடவு மெட்டு, ஆனா மெதுவா’ என்று வேறொன்றுக்கு.

பழைய குஜிலிப் பதிப்புகளையும் நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் புரட்டியவர்களுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. ஊரறிந்த ஒரு பாட்டின் முதலடியைப் போட்டு ‘என்ற வர்ணமெட்டு’ என்று அச்சிட்டுவிடுவார்கள். வாசிப்பவர் அந்த மெட்டில் பாடிக்கொள்ள வேண்டியதுதான். பெரியம்மாவும் அதையேதான் செய்கிறார். ஒரே ஒரு வித்தியாசம்: அச்சுப் புத்தகம் மெட்டை இன்னொரு பாட்டைக் காட்டி அடையாளம் சொல்கிறது, பெரியம்மா ஒரு பெண்ணைக் காட்டிச் சொல்கிறார்.

கையெழுத்து இசைப் பிரதிகள் கிடைக்கும்போதெல்லாம் நாம் ‘கண்டெடுத்தோம்’, ‘மீட்டெடுத்தோம்’ என்று எழுதுகிறோம். ஸ்காட்லாந்தில் பிடில் வாசித்தவர்களின் பழைய மெட்டு நோட்டுகள் வெளிவரும்போது அங்கும் இதே சொற்கள்தான். எனக்கு இந்தச் சொற்களோடு ஒரு சண்டை இருக்கிறது. கண்டெடுத்தோம் என்றால் அதற்கு முன் தொலைந்திருந்தது என்றாகிறது. யாரிடமிருந்து தொலைந்தது? அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த வீட்டில் அது தொலைந்ததா? இந்தக் கேள்வியோடு நம் மாவட்டத்தின் பெயரைச் சுமக்கும் ஒரு பாட்டுத் தொகுதியை வாசித்துப் பார்க்கலாம்.

2

மொரப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே பேருந்து பிடித்தால் தர்மபுரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரர் ஒருவர் தெலுங்கில் ஜாவளிகள் இயற்றினார். தர்மபுரி சுப்பராயர் என்று இசை உலகம் அவரை அறியும். தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965இல்தான். அவர் காலத்தில் இதெல்லாம் சேலம் மாவட்டம். ஓசூர் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. ஊர்ப் பெயரையே முத்திரையாக வைத்துப் பாடல்களை முடித்தார். பரஸ் ராகத்தில் ‘ஸ்மர சுந்தராங்குனி’, செஞ்சுருட்டியில் ‘சகி ப்ராண’, காபியில் ‘பருலன்ன மாட்ட’ என்று அவருடைய பல ஜாவளிகள் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன.

ஜாவளி காதலைப் பாடும் சிறிய உருப்படி. பதத்தைப் போல நிதானமாக நகராது. மத்திம காலத்தில் துள்ளும். கேலி, ஊடல், ஏக்கம், பேரம் எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலும் பேசுபவள் பெண். அந்தப் பெண்ணின் பேச்சை எழுதியவர் ஆண். அதைப் பாடி, அபிநயம் பிடித்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தேவதாசி மரபில் வந்த பெண்கள்.

சுப்பராயரின் ஜாவளிகள் நம் காதுவரை வந்த பாதையில் முக்கியமான இடம் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த ஒரு வீடு. வீணை தனம்மாளின் (1867–1938) வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பதைக் கேட்க அன்றைய பெரிய வித்வான்களெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். தனம்மாளின் தாய் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் கற்றவர். தனம்மாளுக்குப் பிறகு மகள்கள். அவர்களுக்குப் பிறகு பேத்திகள் தி. பிருந்தா, தி. முக்தா, நடனத்தில் தி. பாலசரஸ்வதி. ஆக, பாட்டி, தாய், மகள், பேத்தி என்று பெண்வழியாகவே கைமாறிய இசை அது. சுப்பராயர் அந்த வீட்டுக்கு நெருக்கமானவர். தனம்மாள் ஜாவளிகளை அவரிடமே நேரில் கற்றார்.

இந்த இடத்தில் இசை உலகம் வழக்கமாக ஒரு கதை சொல்லும். காபி ஜாவளியை சுப்பராயர் தனம்மாளை மனதில் வைத்து இயற்றினார் என்பது அந்தக் கதை. கஷ்ட காலத்தில் உதவி என்றும், அவர்களுக்கிடையே இருந்த பாசம் என்றும் சொல்பவருக்கு ஏற்றபடி அது மாறும். கதை உண்மையா பொய்யா என்று துருவுவதில் எனக்கு ஆர்வமில்லை. அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கதையில் தனம்மாள் ஒரு பாட்டுக்குக் காரணம் ஆகிறார். அவர் அழகு, அவர் துயரம், அவர் சொன்ன ஒரு வார்த்தை எல்லாம் ஓர் ஆணின் கற்பனைக்கு விறகாகின்றன. அதே தனம்மாள் அந்த ஜாவளிகளைக் கற்று, வீணையிலும் குரலிலும் மெருகேற்றி, மகள்களுக்கும் பேத்திகளுக்கும் கொடுத்தது கதையில் வருவதில்லை. சங்கீத ஞானத்தின் உச்சியில் இருந்த ஒருவரை நாயகியாக மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

3

1960இல் பிருந்தா, சுப்பராயர் உள்ளிட்டோரின் ஜாவளிகளைச் சுரக் குறிப்போடு தொகுக்க, சென்னை மியூசிக் அகாதெமி அதை வெளியிட்டது. மறந்துபோன ஊர்க்காரர் ஒருவரின் மெட்டுகள் ‘மீட்கப்பட்டன’ என்று இதைச் சொல்ல முடியுமா? பிருந்தா எதையும் கண்டெடுக்கவில்லை. வீட்டில் இருந்ததை எடுத்து வெளியே வைத்தார்.

அப்படி வெளியே வைத்தபோது எவ்வளவு தாளுக்கு வந்தது என்பதை யோசிக்க வேண்டும். சுரக் குறிப்பு எப்படி எழுதப்படுகிறது என்று தெரியாத வாசகிகளுக்காகச் சொல்கிறேன். ச ரி க ம ப த நி என்ற எழுத்துகள். மேல் ஸ்தாயி என்றால் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயி என்றால் அடியில் புள்ளி. காற்புள்ளி ஓர் அட்சர நீட்டம், அரைப்புள்ளி இரண்டு. வேகம் இரட்டிப்பானால் எழுத்துகளின் மேல் ஒரு கோடு. தெலுங்குச் சாகித்தியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது க, ச, ட, த, ப எழுத்துகளின் மேல் சின்னதாக 2, 3, 4 என்று எண் போட்டு ஒலி வேறுபாட்டைக் காட்டுவார்கள்.

இவ்வளவு இருந்தும், ஒரு சுரம் எப்படி அசைகிறது என்பது இதில் இல்லை. காபியின் காந்தாரம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே தொட்டு எவ்வளவு நேரம் தயங்குகிறது என்பதை ‘க’ என்ற ஓர் எழுத்து சொல்லாது. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கென்று தனிக் குறியீடுகளே வகுத்தார். அதையும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இல்லாமல் பாடிவிட முடியாது. பாட்டு நோட்டு என்பது ஏற்கெனவே கற்றவளுக்கு ஞாபகமூட்டும் தாள். கற்காதவளுக்கு அது எலும்புக்கூடு.

அப்படியானால் சதை எங்கே இருக்கிறது? இசைக்காரர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: பாடாந்தரம். ஒரே உருப்படியை ஒவ்வொரு வழியிலும் எப்படிப் பாடுகிறார்கள் என்பதைக் குறிக்கும் சொல் அது. ‘இது பிருந்தாம்மா பாடாந்தரம்’ என்று மேடையில் சொல்லிவிட்டுப் பாடுகிறவர்கள் உண்டு. அந்தச் சொல்லைக் கூர்ந்து பார்த்தால், இயற்றியவர் என்று ஒரே ஒரு பெயரைப் போடும் வழக்கத்துக்குள் அது ஒரு சிறிய ஓட்டை போடுகிறது என்பது தெரியும். இன்று நாம் கேட்பது சுப்பராயரின் ஜாவளி மட்டுமல்ல. தனம்மாளின் காதும் அவர் மகள் காமாட்சியின் நினைவும் பிருந்தாவின் கண்டிப்பும் சேர்ந்த ஒன்று. ‘மேட்டுத்தெரு அத்தை மெட்டு’ என்று பெரியம்மா எழுதியதும் பாடாந்தரக் குறிப்புதான். பெரிய வித்வான்கள் மேடையில் சொன்னால் மரபு என்கிறோம். பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதியிருந்தால் நம் கண்ணில் படுவதே இல்லை.

4

பாடியவர்கள் மறக்காதபோதும் பாட்டு மறைந்துபோக முடியும். பாடுவது வெட்கத்துக்குரியது என்று ஆக்கிவிட்டால் போதும்.

தெலுங்கில் முத்துப்பழனி எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ நூலுக்கு நடந்தது அதுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை பிரதாபசிம்மரின் அவையில் இருந்தவர் முத்துப்பழனி. 1887இல் வந்த பதிப்பு சில பாடல்களையும் நூலின் முன்னுரைப் பகுதியையும் விட்டுவிட்டது. அந்த முன்னுரையில்தான் அவர் தன் குல வரலாற்றைத் தன் பாட்டியின் பெயரோடு சொல்லியிருந்தார். காமம் என்று சொல்லிச் சில பாடல்களை நீக்கியது புரிகிறது. பாட்டியின் பெயரில் என்ன ஆபாசம்? பெங்களூர் நாகரத்தினம்மாள் முழுமையான கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தேடிப் பெற்று, விட்டதையெல்லாம் சேர்த்து 1910இல் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே அரசு அதற்குத் தடை விதித்தது. 1947வரை தடை நீடித்தது. கையெழுத்துப் பிரதியை மீட்பது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது. நாகரத்தினம்மாளும் தேவதாசி மரபில் பிறந்தவர். தன் தொழிலின் மூத்தவள் ஒருத்தியின் நூலைத்தான் அவர் எடுத்தார். எடுத்தவர், நூலை மட்டும் எடுக்காமல் வெட்டப்பட்ட வம்சாவளியையும் திரும்ப ஒட்டினார்.

ஜாவளிக்கு இப்படிப் பகிரங்கத் தடை எதுவும் வரவில்லை. வேறு வகையில் ஓரம் கட்டப்பட்டது. 1920களில் தொடங்கி முத்துலட்சுமி ரெட்டி நடத்திய போராட்டமும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் வாழ்நாள் உழைப்பும் சேர்ந்து, 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. ராமாமிர்தம் அந்தச் சமூகத்திலிருந்தே வந்தவர். முத்துலட்சுமியின் தாயும் அப்படியே. ‘தாசிகள் மோசவலை’ (1936) நாவலை வாசிக்கிற எந்தப் பெண்ணும் அந்த முறை திரும்பி வரட்டும் என்று சொல்ல மாட்டாள். நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கொடுமையை ஒழிக்கும்போது அதற்குள் வாழ்ந்த பெண்களின் அறிவையும் சேர்த்துத் துடைத்துவிட்டோம் என்பதையும் பெண்ணியவாதிகளான நாம்தான் சொல்லியாக வேண்டும். நடனம் புதிய பெயரோடு புதிய வீடுகளுக்குப் போனது. பாட்டும் போனது. சிருங்காரம் மட்டும் சந்தேகத்துக்குரியதாகி வாசலிலேயே நின்றது. ஜாவளி, கச்சேரியின் கடைசியில் நேரமிருந்தால் பாடும் துக்கடாவாகச் சுருங்கியது.

1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் பேசியபோது பாலசரஸ்வதி இதற்கு நேராகப் பதில் சொன்னார். சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்த யாரும் வர வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. ஜார்ஜ் டவுன் வீட்டின் பேத்தி அப்படித்தான் பேசுவார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அவருக்கும், அடுத்த ஆண்டு பிருந்தாவுக்கும் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. இதைச் சொல்லி எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்கிறவர்கள் உண்டு. அந்த ஒரு குடும்பத்துக்கு மேடை கிடைத்தது. மேடை கிடைக்காத நூற்றுக்கணக்கான வீடுகளில் அதே காலத்தில் பாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடினார்கள். மகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டார்கள். விராலிமலை முத்துக்கண்ணம்மாளைப் போன்றவர்களின் நினைவிலிருந்து அந்த வீடுகளைத் திரும்பக் கேட்டு டேவேஷ் சொனேஜி எழுதிய ஆய்வு நூல் வந்தது 2012இல். முத்துக்கண்ணம்மாளுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது 2022இல். இத்தனை காலமும் அவர் விராலிமலையில்தான் இருந்தார். யாரும் அவரைக் கண்டெடுக்க வேண்டியிருக்கவில்லை, போய்க் கேட்க வேண்டியிருந்தது.

5

பெண் கையால் எழுதிய நோட்டு என்றாலே பாடிய பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிடுமா? இதற்கு ஸ்காட்லாந்திலிருந்தே ஓர் உதாரணம் பார்க்கலாம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ராசே என்று ஒரு சிறு தீவு. 1812இல் அங்கே எலிசபெத் ஜேன் ராஸ் என்ற இளம்பெண் அங்கு வழங்கிய கேலிக் பாட்டுகளின் மெட்டுகளையும் பைப் இசையையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். சுமார் 150 மெட்டுகள். அந்தப் பிரதி எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆய்வாளர்கள் அதைப் பதிப்பித்திருக்கிறார்கள். இன்றைய இசைஞர்கள் அதிலிருந்து எடுத்து வாசிக்கிறார்கள். ஒரு பெண்ணின் காதும் கையும் ஒரு தீவின் இசையை இரு நூறு ஆண்டுகள் காப்பாற்றியிருக்கின்றன. அதைக் கொண்டாடலாம்.

கூடவே கொஞ்சம் விவரமும் வேண்டும். எலிசபெத், தீவின் நிலக்கிழார் குடும்பத்துப் பெண். பியானோ கற்பது அந்த வகுப்புப் பெண்களுக்குரிய பயிற்சி; மேற்கத்திய இசைக் குறிப்பு எழுத அந்தப் பயிற்சிதான் கை கொடுத்தது. 1815இல் அவர் சார்லஸ் டாய்லியை மணந்தார். டாய்லி கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, பாட்னாவில் அபின் ஏஜெண்டாக இருந்தவர், ஓவியரும்கூட. ராசே தீவின் மெட்டுகளை எழுதிய கை நம் நாட்டின் அபின் பணத்தில் வாழ்ந்தது. இதைச் சொல்வது அவரைக் குறைப்பதற்கல்ல. காகிதம், ஓய்வு, எழுத்துப் பயிற்சி, எழுதியதைப் பத்திரமாக வைக்க ஒரு பெரிய வீடு என்று ஒரு நோட்டு பிழைப்பதற்கு எத்தனை வசதிகள் வேண்டியிருக்கின்றன என்று பார்ப்பதற்காக. பெண் என்பதால் அவர் பெயர் நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். சீமாட்டி என்பதால் அவர் நோட்டு அழியவில்லை.

தனம்மாளின் வீட்டில் ஓய்வும் இல்லை, பெரிய சொத்தும் இல்லை, கடன் இருந்தது. அங்கே பாட்டு பிழைத்தது மனப்பாடத்தில். மொரப்பூர் வயல்களில் நடவு நட்ட பெண்களுக்கு நோட்டும் இல்லை. அவர்கள் பாட்டு, எழுதத் தெரிந்த என் பெரியம்மாவைப் போன்ற ஒருத்தியின் வழியாகத்தான் தாளுக்கு வந்தது. நடவுப் பாட்டைப் பாடியவர்கள் எங்கள் தெருக்காரர்கள் அல்ல என்பதும், அவர்களுக்கு ‘அத்தை’, ‘சித்தி’ என்ற உறவுப் பெயர்கூட அந்த நோட்டில் இல்லை, வெறும் ‘நடவு மெட்டு’ என்றுதான் இருக்கிறது என்பதும் எனக்கு உறைக்கப் பல வாசிப்புகள் ஆயின. பெரியம்மாவின் நோட்டும் சாதியின் பார்வையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

6

கல்லூரியில் படிக்கும் தங்கைகள் ஊருக்குப் போகும்போது வீட்டுப் பரணில் ஒரு பாட்டு நோட்டு கிடைத்தால், அதைப் படம் எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது யார் கையெழுத்து? எழுதியவருக்கு யார் பாடிக் காட்டியது? எந்தச் சந்தர்ப்பத்தில் பாடினார்கள்? இந்தத் தாள் எங்கிருந்து வந்தது? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். எனக்கு அதிகம் சொன்னது அதுதான்.

பெரியம்மாவின் நோட்டு அட்டையில் ‘பெயர்’ என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருக்கிறது. வகுப்பு ஆறு, ஆ பிரிவு, பாடம் அறிவியல். முதல் இரண்டு தாள்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கூடம் முடிந்ததும் மிச்சத் தாள் அம்மாவுக்கு வந்திருக்கிறது. நாளைக்கு இது ஓர் ஆவணக்காப்பகத்துக்குப் போனால், அட்டையைப் பார்த்து எழுதும் பட்டியலில் இது அண்ணனின் அறிவியல் நோட்டு. அவனிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, “அம்மா இதுல பால் கணக்குதானே எழுதுவாங்க” என்றான். பாட்டு இருப்பது அவனுக்குத் தெரியாது. தாலாட்டில் இரண்டு அவனைத் தூங்க வைத்தவை.

நோட்டின் உள்ளட்டையில் ஒரு சீட்டு ஒட்டி பெரியம்மாவின் பெயரை எழுதினேன். அதன் கீழே பாடியவர்கள் என்று போட்டுவிட்டு மேட்டுத்தெருவில் விசாரிக்கப் போனேன். அத்தையை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. மூக்குத்தி, சுருட்டு, கல்யாணத்தில் அவர் இல்லாமல் நலுங்கு நடக்காது என்பதெல்லாம் சொன்னார்கள். பெயர் கேட்டால் ‘மேட்டுத்தெரு அத்தைதான்’ என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி யோசித்து யோசித்து, பெயர் வராமல், அந்த நலுங்கின் இரண்டு அடியை முணுமுணுத்தார். மெட்டு அப்படியே இருந்தது.

சீட்டில் அந்தப் பாட்டியின் பெயரை எழுதி, யாரிடம் கேட்டது என்பதையும் குறித்தேன். அத்தையின் பெயருக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். கம்பைநல்லூருக்கு அடுத்த வாரம் போகிறேன். நடவு நட்டவர்களின் தெருவுக்கு அதற்கும் முன்பே போக வேண்டும்.